நகரி மலைக்கும் வடசென்னை மண்ணுக்கும் என்ன சொந்தம்?

கொசத்தலை (மணலி)

"நம்ம ஏரியாவுல மலையே கிடையாது, நமக்கும் நிலவியலுக்கும் என்ன சம்பந்தம்" என்று வேறொரு இழையில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் தனி இழை.

நமக்கு மேற்கே, ஆந்திரப் பக்கம் நிற்கும் நகரி மலையின் உச்சி 850 மீட்டருக்கு மேல். பழவேற்காட்டை ஒட்டிக் கப்பல் ஓட்டிய மாலுமிகள் அதற்கு நகரி மூக்கு என்றே பெயர் வைத்து, கரைக்கு அடையாளமாகக் கொண்டிருந்தார்கள். வானம் தெளிந்த நாளில் கடலிலிருந்து அது கண்ணுக்குத் தெரியும். கொசஸ்தலையும் ஆரணியாறும் அந்த மலைப்பக்கத்துத் தண்ணீரைத்தான் நம் பக்கம் கொண்டுவருகின்றன. தண்ணீர் தனியாக வருவதில்லை, மலையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்து வருகிறது. மணலி, மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் மேற்கே இருக்கும் மலைகள் தேய்ந்து வந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

வியாசர்பாடி வாசகன்

மலை எங்க தேயுது அண்ணே? இமயமலை வருஷா வருஷம் உசந்துக்கிட்டே போகுதுன்னுதானே படிச்சோம். அப்போ நகரி மலையும் உசரத்தானே செய்யணும்?

பாறைப்பித்து (மாதவரம்)

கல்லூரியில் நிலவியல் படித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இமயமலையும் நகரியும் ஒரே சாதி மலை இல்லை. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி 5 கோடி ஆண்டு ஆகிறது, இன்னும் ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நெருக்கலில் பாறை மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இமயம் உயர்கிறது. உயரும்போதே கங்கையும் பிரம்மபுத்திராவும் அதை அரித்து வங்கக் கடலில் கொட்டுகின்றன.

நகரி அப்படி மோதலில் எழுந்த மலை அல்ல. அது 150 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு கடலோரத்தின் மணல். ஆந்திராவில் கடப்பா, கர்நூல் என்று பரந்து கிடக்கும் பெரிய படுகையின் தென்கிழக்கு ஓரம் அது. அதே படுகையில் பிற்பாடு படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் கடப்பாக்கல் என்று நம் வீட்டுச் சமையல் மேடையில் பதித்திருக்கிறோம். கடலோர மணல் புதைந்து, இறுகி, மணலுக்கு மணல் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் குவார்ட்சைட் ஆனது. சுத்தியலால் தட்டினால் மணல் மணிகளைச் சுற்றிப் பிளக்காது, மணிகளை ஊடுருவியே உடையும். அவ்வளவு கெட்டி.

திருப்பதி மலைப்பாதையில் போகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதே வகைக் குவார்ட்சைட் அங்கே அடுக்கடுக்காகக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கிறது. சில பலகைகளின் மேல் முகத்தில் அலைத் தடம் வரிவரியாக அப்படியே உறைந்திருக்கும். காசிமேட்டில் தண்ணீர் வடிந்த ஈர மணலில் விழுமே, அதே வரிதான். விரலை வைத்துத் தடவினால் எந்தப் பக்கமிருந்து நீரோட்டம் வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அந்த அடுக்குகளுக்குக் கீழே இருப்பது கிரானைட், இன்னும் பழையது. இரண்டும் தொடுகிற கோட்டுக்கு நடுவே குறைந்தது 50 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது. அந்த இடைவெளியில் கிரானைட் நாட்டில் மலைகள் இருந்து, தேய்ந்து, சமவெளியாகி, அதன் மேல் கடல் ஏறி மணலைப் பரப்பியது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் அந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பேருந்து அந்த வளைவில் திரும்பும்போது சன்னல் பக்கம் உட்காருங்கள்.

வியாசர்பாடி வாசகன்

சரி, யாரும் தள்ளி விடலைன்னா அது ஏன் மலையா நிக்குது? சுத்தி இருக்கறதெல்லாம் சமமாத்தானே கிடக்கு.

பாறைப்பித்து (மாதவரம்)

இதுதான் இந்த இழையின் உயிர்க் கேள்வி. நகரி மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது, சுற்றியிருந்தது போய்விட்டது. குவார்ட்சைட்டை மழை கரைக்காது, வெயில் லேசில் பிளக்காது. கிரானைட்டும், வரிவரியான நைஸ் பாறையும் வேறு கதை. அவற்றிலிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நீர்பட்டுக் களியாக மாறும், மீதி மணலாக உதிரும். அப்படிச் சுற்றுப்புறம் இறங்க இறங்க, கெட்டிப் பாறைத் தொப்பி உள்ள இடம் மட்டும் உயரத்தில் தங்கிவிட்டது. நகரி மூக்கின் வடிவத்தைப் பாருங்கள்: மேலே செங்குத்தான குவார்ட்சைட் சுவர், கீழே உருண்டைப் பாறைகள் சிதறிய சரிவான கிரானைட். கீழ்ப்பாகம் கரையும்போது மேல் சுவருக்குப் பிடிமானம் போய், பெரும்பெரும் துண்டுகளாக விழும். மலை பின்வாங்குவது இப்படித்தான்.

புவியியல் டீச்சர் (பெரம்பூர்)

நல்ல விளக்கம் தம்பி. இதோடு பரங்கிமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். 90 மீட்டர் சுமாருக்கு ஒரு குன்று, மேலே தேவாலயம், அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். அதன் பாறை சார்னோகைட். புதிதாக உடைந்த முகம் எண்ணெய்ப் பளபளப்போடு நீலங்கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். 1893இல் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார். வயது 250 கோடி ஆண்டு அளவில். இதில் எனக்கு இன்றும் பிரமிப்பு தருவது வயதல்ல, ஆழம். இந்தப் பாறை உருவாக வேண்டுமானால் தரைக்கு 20 கிலோமீட்டர் அளவு கீழே இருக்கும் வெப்பமும் அழுத்தமும் வேண்டும். இன்று அதன் மேல் படிக்கட்டு கட்டி ஏறுகிறோம். அப்படியானால் அதற்கு மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறை எங்கே போயிற்று? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர்களே கடல் பக்கம் கை காட்டுவார்கள்.

வியாசர்பாடி வாசகன்

டீச்சர், 20 கிலோமீட்டர் தேஞ்சிருந்தா அங்க பாதாளம்தானே இருக்கணும்? எப்படிக் குன்னா நிக்குது?

பாறைப்பித்து (மாதவரம்)

ஐஸும் மீனும் நிரம்பிய போட், காசிமேட்டு ஜெட்டியில் கட்டி இறக்க இறக்க மேலே எழும்பும், கவனித்திருப்பீர்கள். பூமியின் மேலோடும் கீழே இருக்கும் கனமான பாறையின் மேல் அப்படி மிதக்கிறது. மேலே பாரம் குறைந்தால் அடிப்பாகம் எழும்பி வரும். பத்து மீட்டர் அரித்தால் பத்து மீட்டர் பள்ளமாகாது, எட்டு மீட்டருக்கு மேல் திரும்ப எழும்பிவிடும். அதனால்தான் அடியாழத்துப் பாறை தரைக்கு வர முடிகிறது, பழைய மலைகளும் இத்தனை கோடி ஆண்டு அடையாளம் அழியாமல் இருக்கின்றன. இமயத்தைப் போல அவை வளர்வதில்லை. இழந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது.

போர்வண்டி (மீஞ்சூர்)

நான் படிப்பு அதிகம் இல்லாதவன், ரோட்டரி போர் போடுற வேலை. நீங்க பேசுறத எல்லாம் நான் வேற பக்கத்துலேருந்து பார்த்திருக்கேன், அதான் எழுதறேன்.

கிண்டி, வேளச்சேரி பக்கம் போனா கொஞ்ச ஆழத்துலயே கரும்பாறை, கம்ப்ரசர் வண்டி வேணும். எங்க பக்கம் அந்த வண்டி வேலைக்கே ஆகாது. மணல் சரிஞ்சிக்கிட்டே இருக்கும், சேத்துத் தண்ணி ஓட்டி, கேசிங் இறக்கி, ஃபில்டர் பைப் வச்சாத்தான் குழி நிக்கும். மேலாப்புல சவுடு, அப்புறம் மஞ்ச மணல், அதுக்கு அடியில கருங்களி. களியை உருட்டிப் பார்த்தா சில எடத்துல சிப்பித் துண்டு இருக்கும், கழிமுகத்து வாடை அடிக்கும். அதையும் தாண்டினா திரும்ப மணல், இந்த வாட்டி பெருமணல். இன்னும் போனா சத்தம் மாறும், கடகடன்னு ராடு உதறும். அது கூழாங்கல் மட்டம். மேல வர்ற கல்ல கழுவிப் பார்த்தா வழவழன்னு உருண்டையா, வெள்ளை, லேசா சிவப்பு, சிலது ஊதா. எங்க ஊர்ல இந்தக் கல்லு எந்தப் பாறையிலயும் கிடையாது. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். நல்ல தண்ணி அந்த மட்டத்துலதான் இருக்கும்.

கொசத்தலை (மணலி)

அண்ணே, இந்த இழையை ஆரம்பித்ததே இப்படி ஒரு பதிவு வராதா என்றுதான். அந்தக் கல்லின் கதையைச் சொல்கிறேன்.

நகரி, நாகலாபுரம் பக்கத்துக் குவார்ட்சைட் உடைந்து உருண்டு வந்த கல் அது. ஆனால் பலதும் நேராக வரவில்லை, நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. 13 கோடி ஆண்டு சுமாருக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தன. நம் கிழக்குக் கரை பிறந்தது அப்போதுதான். பிளந்து தாழ்ந்த பள்ளங்களுக்குள் மேற்கே இருந்த உயர்நிலத்திலிருந்து வெள்ளம் வெள்ளமாகக் கல்லும் மணலும் இறங்கின. அந்தக் கற்குவியல் இறுகி உருள்கல் பாறையாகி, இன்றைக்குச் சத்தியவேடு, அல்லிக்குழி குன்றுகளாக நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதே காலத்துக் களிப்பாறையில் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. பூண்டிக்கு மேற்கே குடியம் குகைக்குப் போனால் கூரை முழுக்க உருண்டைக் கல் பதிந்திருக்கும். அந்தப் பாறை இப்போது உதிர்கிறது, கூழாங்கல் இரண்டாம் முறையாகப் பயணம் கிளம்பி ஆற்றில் விழுகிறது. அதாவது அண்ணே, உங்கள் ராடை உதறவைத்த கல் முதலில் ஒரு கடலோரத்து மணல், பிறகு மலை, பிறகு ஆற்றுக் கல், பிறகு மறுபடி குன்று, மறுபடி ஆற்றுக் கல்.

நடுவே அதை மனிதக் கையும் தொட்டிருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு பூண்டி பக்கத்து அத்திரம்பாக்கத்திலும். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, 2011இல் வெளியிட்ட முடிவின்படி அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை. எல்லாம் குவார்ட்சைட். அந்த மனிதர்கள் அங்கே தங்கியதற்கு அந்த உருள்கல் குன்றும் ஒரு காரணம், நல்ல கல் காலடியில் கிடைத்தது.

கரைவலை (காசிமேடு)

எல்லாம் சரிப்பா. ஆனா ஆறு ஆறுன்னே பேசறீங்க, கடலை மறந்துட்டீங்க. ஆறு மணலைக் கொண்டாந்து வாயில போடும், அவ்ளோதான் அதோட வேலை. அதை எங்க வைக்கணும், எங்க எடுக்கணும்னு முடிவு பண்றது கடல். தெக்குக் காத்து அடிக்கிற மாசமெல்லாம் மணல் வடக்கே போவும். வாடைக் காத்துல தெக்கே திரும்பும், ஆனா போன அளவு திரும்பாது. எண்ணூர் முகத்துவாரத்தப் பாருங்க, ஆத்துல தண்ணி வேகம் கொறஞ்சா கடல் மணலப் போட்டு அடைச்சிடும். கொசஸ்தலை கட்டின ஊருன்னு நீங்க சொல்றதுல பாதி கடல் கட்டினது.

கொசத்தலை (மணலி)

பாதி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. சரக்கு ஆற்றுடையது. மேலும் இன்றைய கொசஸ்தலையை வைத்து அளக்கக் கூடாது. பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாக வந்து எண்ணூர் பக்கம் கடலில் சேர்ந்தது என்பது நிலவியல் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பிறகுதான் தெற்கே விலகிச் செங்கல்பட்டு மாவட்டம் வழியாகப் போனது. இன்றைய சின்ன ஆற்றுக்கு மீஞ்சூர் அடியில் இருக்கும் மணலும் கல்லும் ரொம்ப அதிகம், இன்னும் பெரிய ஆறு போட்டது என்றால்தான் கணக்கு நேராகிறது. போர்வண்டி அண்ணன் நல்ல தண்ணீர் எடுப்பது அந்தப் புதைந்த ஆற்றிலிருந்துதான்.

புவியியல் டீச்சர் (பெரம்பூர்)

இருவர் சொல்வதும் ஒரே தரையின் வெவ்வேறு மட்டங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது கரை இங்கிருந்து கிழக்கே வெகு தூரம். ஆறுகள் ஆழமாக வெட்டிக்கொண்டு அங்கே ஓடின. பனி உருகிக் கடல் ஏறி, 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய மட்டத்தைத் தொட்டது. அப்போது ஆற்றுப் பள்ளங்களுக்குள் கடல் புகுந்து கழிமுகமானது. மீஞ்சூர்த் தம்பி சொல்லும் சிப்பி கலந்த கருங்களி அந்தக் காலத்துடையது. கீழே கிடக்கும் கூழாங்கல் ஆற்றுடையது. மேலே கடற்கரைக்கு இணையாக ஓடும் மணல் மேடுகளைக் கடல் கட்டியது. பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் திட்டும் இதே வேலைதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பழைய மணல் மேட்டில் இருக்கும் தெருவும், இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்வில் இருக்கும் தெருவும் ஒரே மழையை வேறுவேறு விதமாகப் பார்க்கின்றன. 2023 மிக்ஜாம் புயலில் மணலி பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேற்கே பெய்யும் மழை கொசஸ்தலை வழியாக இந்தத் தாழ்வுக்குத்தான் வந்து சேரும், வேறு வழியில்லை.

கரைவலை (காசிமேடு)

டீச்சர் சொன்னா சரி. ஆனா ஒண்ணு கேக்கணும். கடல் கட்டினதுன்னா ஏன் எங்க பக்கம் மட்டும் இடிச்சிக்கிட்டே போவுது? மெரினாவுல எவ்ளோ மணல், ராயபுரம் தாண்டி வடக்கே வந்தா கல்லு, கல்லு, கல்லு. எண்ணூர் விரைவுச் சாலை நெடுக எங்கேயோ உள்நாட்டுக் குவாரியில ஒடச்ச பாறாங்கல். மலை இப்போ லாரியில கடலுக்கு வருது.

பாறைப்பித்து (மாதவரம்)

அண்ணா, கடைசி வரியில் முழு விஷயமும் இருக்கிறது.

வடக்கே போகும் மணலுக்கு குறுக்கே 1870களிலிருந்து துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே அலை வழக்கம்போல மணலை எடுத்துப் போனது, ஈடு செய்ய மணல் வரவில்லை. அதனால் கரை உள்வாங்கியது. கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும், அரிப்பு அடுத்த ஊருக்கு வடக்கே நகரும். கரையிலிருந்து கடலுக்குள் கல்லால் நீட்டிய தூண்டில் வளைவுகள் ஒன்றுக்கொன்று நடுவே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கின்றன, அதற்கும் அடுத்த பக்கம் பசி இருக்கும்.

இன்னொரு முனையும் அடைபட்டிருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் வந்தது. குடிநீருக்கு அது வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அணைக்குள் நீர் நிற்கும்போது பெருமணல் அடியில் படிந்துவிடும், தாண்டி வருவது கலங்கல் மட்டும். அதற்குக் கீழே ஆற்றுப் படுகையில் மணல் அள்ளியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து கரை வரை கோடி ஆண்டுகளாக ஓடிய சங்கிலி ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு மூன்று இடத்தில் அறுந்தது. கரை அரிப்பைக் கரையில் மட்டும் நின்று பேசுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். திருவொற்றியூரில் கல் கொட்டத் திட்டம் போடுகிறவர்கள் பூண்டி வரை போய்ப் பார்க்க வேண்டும்.

போர்வண்டி (மீஞ்சூர்)

அடியிலயும் அதே கதைதான் சார். 1960கள் கடைசியிலேருந்தே இந்தப் பக்கம் உப்பு ஏற ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பழைய ஆத்து மணல் கடல் வரைக்கும் போவுதுல்ல, நல்ல தண்ணிய நாம உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி அதே வழியா உள்ள வருது. நல்ல தண்ணி கொடுத்த பாதையே உப்புக்கும் பாதை.

வியாசர்பாடி வாசகன்

செங்குன்றத்துல செவப்பு மண்ணு இருக்கே, அது எரிமலையா?

பாறைப்பித்து (மாதவரம்)

இல்லை. செம்புரைக்கல். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்க, மற்றதெல்லாம் கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண். அந்தச் சிவப்பு இரும்புத் துரு.

வியாசர்பாடி வாசகன்

நில நடுக்கம் வந்தா மணல் மேல இருக்கறவங்களுக்குத்தான் ஆபத்தா?

பாறைப்பித்து (மாதவரம்)

பாறை மேல் இருக்கும் வீட்டைவிட, தளர்ந்த மணலும் களியும் உள்ள இடத்தில் ஆட்டம் அதிகமாக உணரப்படும். 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அளவு நடுக்கம் சென்னையில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பயப்பட வேண்டாம். வீடு கட்டும்போது மண் பரிசோதனை செய்யாமல் மேஸ்திரி வாய்க்கணக்கில் அஸ்திவாரம் போட வேண்டாம், அவ்வளவுதான்.

புவியியல் டீச்சர் (பெரம்பூர்)

பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, கற்கருவிகளை அங்கேயே பார்க்கலாம். குடியம் குகைக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். அத்திரம்பாக்கத்தில் எந்தக் கல்லையும் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தோடு இருந்தால்தான் அந்தக் கல்லுக்குப் பேச்சு உண்டு.

மீஞ்சூர்த் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போர் போடும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் சிப்பி, எத்தனை அடியில் கூழாங்கல் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க முடியுமா? தெருப் பெயரோடு.

போர்வண்டி (மீஞ்சூர்)

எழுதறேன் டீச்சர். அடிக்கணக்கு எப்படியும் பில்லுக்காக வச்சிருப்போம், மண்ணு மாறுற எடத்தையும் பக்கத்துல குறிச்சிட்டா போச்சு. கல்லு வந்தா அந்தந்த அடி எழுதின பையில போட்டு வைக்கறேன். பழைய பில்லு புக்குலயும் கொஞ்சம் இருக்கும், தேடிப் பார்த்து இங்கயே போடறேன்.